தேக்குத் தளமும் எஃகுத் தகடும்

நீலகிரியின் பழைய பங்களாக்களில் தேய்ந்து மங்கிப்போன தேக்குப் பலகைத் தளங்களை ஜீர்ணோத்தாரணம் செய்வதென்றாலே, உருளை இயந்திரத்தை வாடகைக்குப் பிடித்து, ஒரே பகலில் அறை முழுவதையும் உரித்துவிட்டு, மறுநாள் பாலியூரிதேன் பூச்சைப் பளபளவென்று படரவிடுவதுதான் வழி என்று எண்ணுகிற நண்பர்கள் எனக்கு அநேகர் உண்டு. அவர்களுடைய சிரத்தையில் எனக்குச் சந்தேகமில்லை, ரஸனையில்தான் உடன்பாடில்லை.

தளத்தில் மிதிபடுவதற்கென்று இருக்கும் மரம் எவ்வளவு என்பதை அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை. பலகைகளை ஒன்றோடொன்று பூட்டுகிற நாக்குக்கும் காடிக்கும் மேலே எஞ்சியிருப்பது பெரும்பாலும் கால் அங்குலம். பொறுமையற்ற கையில் இயந்திரம் ஒவ்வொரு முறையும் அதில் ஒரு மில்லிமீட்டரையாவது தின்றுவிடுகிறது. கை சற்றே தயங்கி நின்ற இடத்தில் பள்ளம் விழுகிறது. வெயிலிலும் காற்றிலும் பல்லாண்டு பழுத்து வந்த நிறமோ, தூளாகிச் சாக்கில் கட்டப்பட்டு வெளியே போய்விடுகிறது.

நான் சொல்ல வந்தது எஃகுத் தகட்டைப் பற்றி. உள்ளங்கை அகலமும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த கனமும் உள்ள அந்தத் தகட்டின் பெருமையை எனக்கு உணர்த்தியவர் குன்னூரில் இருந்த ஒரு முதிய ஆசாரி. கடைத் தகட்டை அவர் தொடமாட்டார். தேய்ந்துபோன கைரம்பத்தின் அலகை வெட்டியே தமக்கு வேண்டியதைச் செய்துகொள்வார். அதன் விளிம்பை அரத்தால் நேர்கோணமாக ராவி, எண்ணெய்க் கல்லில் தீட்டி, கீறல் ஒன்றுகூட நகத்துக்குத் தட்டுப்படாத நிலை வந்த பிறகே, உளியின் முதுகை வைத்து அழுத்தி இழுத்து, கண்ணுக்குப் புலனாகாத ஒரு பிசிரை வெளிப்புறமாக மடக்குவார். அந்தப் பிசிர்தான் கருவி. மற்றதெல்லாம் அதைத் தாங்கும் பிடி. இரு கட்டைவிரல்களாலும் தகட்டின் நடுவை லேசாக வளைத்து, முன்னால் சாய்த்துத் தள்ளும்போது வெங்காயச் சருகு போன்ற சுருள்கள் எழும். சுருளுக்குப் பதில் தூள் எழுந்தால் கூர் போய்விட்டதென்று அர்த்தம். தேக்கின் உடம்பிலே மணற்சத்து உண்டாகையால் அது சீக்கிரமே போகும். அவரும் சலிப்பின்றி மறுபடி பிசிர் மடக்க உட்காருவார். அழுக்கும் பழைய பூச்சும் நீங்கி, பழுத்த நிறம் மட்டும் நிற்கிற அந்த நுண்ணிய எல்லையில் கையை நிறுத்துவதே வித்தை. ஒரு வீட்டில், வாசற்படியை ஒட்டித் தலைமுறைகளின் பாதம் பட்டுக் குழிந்திருந்த பலகையைச் சமன் செய்ய அவர் மறுத்துவிட்டார். குழிவைக் குழிவாகவே வைத்து, தகட்டை அதற்கேற்ப வளைத்துச் சுத்தம் செய்தார். அந்த ஒரு பலகையைப் பார்ப்பதற்காகவே நான் அந்த வீட்டுக்குப் பல தடவை போயிருக்கிறேன்.

உப்புத்தாளே போதுமே என்பாரும் உண்டு. உப்புத்தாள் நாரைப் பிறாண்டி, அந்தத் தூளையே மரத்தின் நுண்துளைகளில் அடைக்கிறது. தகடோ நாரைச் சுத்தமாக அறுக்கிறது. அறுபட்ட முகத்தில் ஒளி உள்ளே புகுந்து திரும்புவதால்தான் தேக்கின் ரேகை ஆழத்திலிருந்து தெரிகிறது. இத்தாலியில் கிரெமோனா நகரத்து வயலின் தச்சர்கள் வாத்தியத்தின் முதுகை இத்தகைய தகட்டாலேயே மெருகுக்குத் தயாராக்கியதும் காரணமில்லாமல் அன்று.

மேற்பூச்சிலும் என் கட்சி பழைய கட்சியே. தேன்மெழுகை வெந்நீர்ப் பாத்திரத்தினுள் வைத்து உருக்கி (சுமார் 64 டிகிரி செல்சியஸில் உருகிவிடும், நேர் நெருப்பு கூடவே கூடாது), அடுப்பை விட்டு அகன்ற பிறகு டர்ப்பண்டைன் சேர்த்துப் பசையாக்கி, மெல்லியதாகத் தடவி, ஓர் இரவு விட்டுக் கம்பளியால் தேய்த்தால் வருகிற சோபை அடக்கமானது. அது மரத்துக்குச் சொந்தமானது. நீர் தேங்கினால் மெழுகில் வெள்ளைத் தழும்பு விழும் என்பது மெய்யே. ஆகவே சமையலறையில் பாலியூரிதேன் இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் கூடத்தில் நாற்காலிக் கால் கீறிய இடத்தை, மெழுகுத் தளமானால் அந்த இடத்தில் மட்டும் செப்பனிட்டுவிடலாம். பாலியூரிதேனில் ஒட்டு தனியே தெரியும், கடைசியில் அறை முழுவதையும் உரிக்க நேரும். நசுங்கலுக்கு ஈரத்துணியும் சூடான இஸ்திரிப் பெட்டியுமே பெரும்பாலும் போதும். அமுங்கிய நார் ஆவியை உண்டு நிமிர்ந்துவிடும்.

இன்று புது வீடுகளில் மரத்தளம் என்று விரிப்பவற்றுள் பல, ஒட்டுப்பலகைமேல் ஒட்டிய சில மில்லிமீட்டர் தோல். சிலவற்றில் மரத்தின் படம் மட்டுமே உண்டு. அவற்றில் ஆசாரியின் தகட்டுக்கு வேலையில்லை. பழைய தளம் வைத்திருப்பவர்களோ சதுர அடிக் கணக்கில் பேசும் இயந்திரக்காரரையே அழைக்கிறார்கள். தகட்டு வேலைக்குச் சதுர அடிக் கணக்கு ஒத்துவராது; அறைக்கு இத்தனை நாள் ஆகும் என்று ஏற்றுக் கூலி பேசுகிற வீட்டுக்காரர்கள் ஊருக்கு நாலு பேர் இருந்தால், பிசிர் மடக்கக் கற்றுக்கொள்ள இளம் தச்சர்கள் வராமலா போவார்கள்?