130 லிட்டர் டிக்கியும் இரண்டு சைக்கிளும்

மஸ்டா எம்எக்ஸ்-5 காரின் டிக்கியைத் திறந்து காட்டினால் பார்ப்பவர்கள் முதலில் சிரிக்கிறார்கள். மொத்தம் 130 லிட்டர். விமானத்தில் கையோடு எடுத்துப்போகும் பெட்டி இரண்டை வைத்தால் தீர்ந்தது. சீட்டும் இரண்டேதான். கூரை இருக்கவேண்டிய இடத்தில் மடித்துத் தள்ளும் துணி. அமெரிக்காவில் இதை மியாட்டா என்றே எல்லோரும் சொல்கிறார்கள். 1989 பிப்ரவரியில் சிகாகோ கார் கண்காட்சியில் அறிமுகமாகி, 2016-ல் பத்து லட்சமாவது வண்டியை எட்டிய கார் இது. சைக்கிள் ஏற்ற வேண்டும் என்று யாரும் இதை வாங்குவதில்லை. ஆனால் வாங்கியவர்களில் பலருக்கு வீட்டில் சைக்கிளும் இருக்கிறது.

நான் இருக்கும் சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் இந்த இரண்டு பைத்தியமும் ஒருவருக்கே பிடிப்பது சகஜம். காரணம் மலைதான். மேற்கே ஸ்கைலைன் புலவார், அதை வெட்டிக்கொண்டு கடலுக்கு இறங்கும் ஹைவே 84, பக்கத்திலேயே சைக்கிள்காரர்கள் மூச்சு வாங்க ஏறும் ஓல்ட் லா ஹோண்டா ரோடு. கூரையை மடித்துவிட்டு ஓட்ட ஏற்ற சாலையும் சைக்கிள் மிதிக்க ஏற்ற சாலையும் ஒரே வட்டாரத்தில் கிடக்கின்றன. மே முதல் செப்டம்பர் வரை மழை அநேகமாக இல்லை. எனவே சைக்கிளை மினிவேனில் போட்டுக்கொண்டு போய், திரும்பி வந்து மியாட்டாவை எடுப்பது என்பது மனதுக்கு ஒப்பவில்லை.

என்னுடையது 2016 மாடல், நான்காம் தலைமுறை, 2 லிட்டர் இன்ஜின், கையால் மாற்றும் கியர், செகண்ட் ஹேண்டில் வாங்கியது. நீளம் 3.9 மீட்டர், எடை 1,058 கிலோ. எடையைக் குறைக்க பானட்டையும் டிக்கி மூடியையும் அலுமினியத்தில் செய்திருக்கிறார்கள். இந்தக் கடைசி விஷயத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே சொல்லப்போகும் பாதித் தொல்லை அங்கிருந்துதான் வருகிறது.

முதலில் செலவே இல்லாத வழி, பக்கத்து சீட். கூரையை இறக்கிவிட்டு, சீட்டின் மேல் பழைய போர்வையை விரித்து, சைக்கிளின் இரண்டு சக்கரங்களையும் கழற்றி சீட்டின் சாய்மானத்தை ஒட்டி நிறுத்த வேண்டும். பிறகு ஃபிரேமை முன்பக்கம் முதலில் இறக்கினால் ஃபோர்க் கால்வைக்கும் பள்ளத்தில் போய் நிற்கும். ஹேண்டில்பாரை ஃபிரேமோடு ஒட்டித் திருப்பிவிட்டால் கியர் கம்பியில் இடிக்காது. சீட் பெல்ட்டை ஃபிரேமுக்குள் நுழைத்து மாட்டிவிடலாம். சைக்கிளில் செயின் எப்போதும் வலப்பக்கம். இடப்பக்க ஸ்டீயரிங் காரில் அது கதவுப் பக்கமாகத் திரும்பி நிற்கிறது, ஓட்டுபவரின் சட்டை தப்பிக்கிறது. இங்கிலாந்திலோ ஆஸ்திரேலியாவிலோ இதையே செய்தால் கிரீஸ் நேராக உங்கள் முழங்கைக்கு வரும். டிஸ்க் பிரேக் வைத்த சைக்கிள் என்றால் சக்கரத்தைக் கழற்றியதும் பேடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் துண்டு ஒன்றைச் செருகுவது அவசியம். வழியில் யாராவது பிரேக்கை அழுத்திவிட்டால் பேடுகள் ஒட்டிக்கொள்ளும், பிறகு சக்கரம் உள்ளே போகாது.

தனியாகப் போகும் நாளுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை என்பேன். கார் பெயின்ட்டில் ஒன்றும் படுவதில்லை, சைக்கிளைத் திருடனுக்குக் காட்டிக்கொண்டு போவதும் இல்லை. வலப்பக்கக் கண்ணாடி பாதி மறைகிறது, அது ஒன்றுதான் கவனிக்க வேண்டியது. இதையெல்லாம் வீட்டில் விளக்கியபோது, "அப்ப நான் எங்க உக்காருறது?" என்று கேட்டாள் மனைவி. அவளுக்கும் ஒரு சைக்கிள் இருக்கிறது. ஆக, வெளியே தொங்கவிடும் மூன்று வழிகளைப் பார்க்க வேண்டியதாயிற்று.

டிக்கி மூடியின் விளிம்புகளில் கொக்கி மாட்டி, பட்டைகளால் இழுத்துக் கட்டும் ரேக் பல கம்பெனிகளில் கிடைக்கிறது. விலை மற்ற இரண்டையும்விடக் குறைவு, மடித்து அலமாரியில் வைக்கலாம், இன்னொரு காரிலும் மாட்டலாம். செடான் காரில் நானே தாராளமாகப் பயன்படுத்தியிருக்கிறேன். இந்தக் காரில் எனக்கு மனசில்லை. சுமையைத் தாங்குவது ரேக்கின் கால்கள்தான், ஆனால் மேலே இழுத்துப் பிடிக்கும் கொக்கிகள் அலுமினிய மூடியின் மெல்லிய விளிம்பில் உட்காருகின்றன. குழியில் இறங்கி ஏறும்போதெல்லாம் அந்த விளிம்பு இழுபடுகிறது. ரேக்கின் ரப்பர் காலுக்கும் பெயின்ட்டுக்கும் நடுவே ஒரு மணல்துகள் இருந்தால் போதும், வீடு வருவதற்குள் வட்டமாகத் தேய்த்துவிடும். மாட்டியபிறகு டிக்கி திறக்காது. மூடியின் நடுவில் இருக்கும் மூன்றாவது பிரேக் விளக்கை ரேக்கும், நம்பர் பிளேட்டை சைக்கிளும் மறைக்கின்றன. பின்னால் வரும் போலீஸ்காரர் நிறுத்திக் கேட்டால் பதில் சொல்வது கஷ்டம். கலிஃபோர்னியாவில் நம்பர் பிளேட் தெளிவாகத் தெரிய வேண்டும் என்பது சட்டம்.

இன்னொன்று, கடைக்காரர்கள் சொல்லாதது. இந்த மாடலில் புகைக்குழாய் இரண்டுமே வலது மூலையில் இருக்கின்றன. சைக்கிளைக் குறுக்காகத் தொங்கவிட்டால் ஏதாவது ஒரு டயர் நேராக அந்தக் குழாய் வாய்க்குப் பின்னால் வந்து நிற்கும். மலை ஏறிய சூட்டில் அங்கே கையை வைத்துப் பார்த்தால் டயருக்கு என்ன ஆகும் என்று புரியும். டயரை ஒரு சாண் உயரமாவது தூக்கிக் கட்டும்படி ரேக்கை வைக்க முடிந்தால் மட்டும் இதை யோசிக்கலாம்.

அடுத்தது எனக்கு மிகவும் ஆர்வம் ஊட்டிய சாதனம், வெற்றிடத்தில் ஒட்டும் ரேக். ஃபுளோரிடாவைச் சேர்ந்த சீசக்கர் கம்பெனியின் பெயர்தான் இதில் முன்னால் நிற்கிறது. படகுகளில் பொருள் பொருத்துவதற்காகச் செய்த ரப்பர் கப்பைக் காருக்குக் கொண்டுவந்தார்கள். 15 செ.மீ. விட்டமுள்ள கப், அதன் நடுவில் விரலால் அழுத்தும் சின்ன பம்ப். அழுத்த அழுத்த உள்ளே இருக்கும் காற்று வெளியேறுகிறது. பம்பின் தண்டில் ஆரஞ்சு நிற வளையம் ஒன்று உண்டு. அது கண்ணில் பட்டால் பிடி தளர்கிறது, மறுபடி அழுத்து என்று அர்த்தம்.

ரப்பர் கப்பை நம்பி சைக்கிளை 100 கி.மீ. வேகத்தில் கொண்டுபோவதா என்று கேட்பவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. 15 செ.மீ. வட்டத்தின் பரப்பு சுமார் 177 சதுர செ.மீ. கடல்மட்டத்தில் ஒவ்வொரு சதுர செ.மீ. மீதும் காற்று ஒரு கிலோவுக்குச் சற்று மேல் அழுத்துகிறது. உள்ளே முழு வெற்றிடம் இருந்தால் பிடி 180 கிலோ. கம்பெனி ஒரு கப்புக்குச் சொல்வது 95 கிலோ, அதாவது பாதிக்குக் கொஞ்சம் மேல். ஒரு சைக்கிள் ரேக்கில் இப்படிப் பல கப்புகள். மலை உச்சிக்குப் போனால் வெளிக்காற்றின் அழுத்தம் குறையும், பிடியும் அதே அளவு குறையும். ஸ்கைலைன் உயரத்துக்கு அது பத்தில் ஒரு பங்குகூட இல்லை. எனவே பயப்பட வேண்டியது கணக்கைப் பார்த்து அல்ல, தூசியைப் பார்த்துத்தான். கப்பின் விளிம்புக்கு அடியில் ஒரு தலைமுடி கிடந்தாலும் காற்று மெல்ல உள்ளே நுழையும். ஈரத்துணியால் துடைத்துவிட்டு ஒட்ட வேண்டும், மூடியின் இடுக்கிலோ மடிப்பிலோ ஒட்டக்கூடாது, நிற்கும் இடத்திலெல்லாம் ஆரஞ்சு வளையத்தை ஒரு பார்வை பார்க்க வேண்டும்.

என் டிக்கி மூடியில் கப்பை ஒட்டி இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தேன். கார் சஸ்பென்ஷனோடு சேர்ந்து எழும்பியது, கப் அசையவில்லை. ஆனால் பிரச்சினை வேறு. இந்த ரேக்கில் ஃபோர்க்கை ஓரிடத்தில் பூட்டிவிட்டு, ஒரு மீட்டர் தள்ளிப் பின்சக்கரத்தை இன்னொரு கப்பில் கட்ட வேண்டும். கூபே காரில் ஃபோர்க் கூரைமேல், சக்கரம் பின்கண்ணாடிமேல், கச்சிதமாக அமையும். என் காரில் கூரை துணி, துணியில் வெற்றிடம் நிற்காது. மூடியில் ஃபோர்க்கைப் பூட்டினால் பின்சக்கரம் அந்தரத்தில் நிற்கிறது. பழைய தலைமுறை மியாட்டாவுக்குக் கழற்றி மாட்டும் கெட்டிக் கூரை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் இதே ரேக்கை அருமையாகப் பயன்படுத்துகிறார். ஃபோர்க் கூரையில், சக்கரம் டிக்கி மூடியில். உங்களிடமும் அந்தக் கெட்டிக் கூரை இருந்தால் வேறு எதையும் பார்க்க வேண்டாம், இதையே வாங்கிவிடலாம். துணிக் கூரைக்காரர்கள் காசைக் கொடுப்பதற்கு முன் டேப் எடுத்து அளந்து பாருங்கள்.

கடைசியாக ஹிட்ச். பின் பம்பரைக் கழற்றி, உள்ளே இருக்கும் சட்டத்தோடு இரும்புக் குழாய் ஒன்றை போல்ட் போட்டு இறுக்குகிறார்கள். வெளியே தெரிவது பம்பருக்கு அடியில் ஒன்றேகால் அங்குலச் சதுரத் துளை மட்டும். அதில் ரேக்கின் தண்டைச் செருகி, குறுக்கே பின் போட்டு இறுக்கினால் முடிந்தது. சின்னக் கார்களுக்கு இந்த அளவுத் துளைதான் வழக்கம். பெரிய கார்களுக்கான இரண்டு அங்குல ரேக் இதில் நுழையாது.

நான் எடுத்தது சக்கரங்களைத் தாங்கும் தட்டு வகை, அலுமினியம், இரண்டு சைக்கிளுக்கானது, ஏறத்தாழ 15 கிலோ. சைக்கிளை அப்படியே தூக்கி வைத்து முன்சக்கரத்தின்மேல் கொக்கியை அழுத்தினால் போதும், ஃபிரேமில் எதுவும் படாது. சாதாரண ரோடு பைக்கின் நீளம் 1.7 மீட்டருக்கு அருகில், காரின் அகலம் 1.735 மீட்டர். குறுக்கே வைத்தால் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் துருத்தாமல் காரின் அகலத்துக்குள்ளேயே அடங்குகிறது. மவுன்டன் பைக் அடங்காது. முன்சக்கரம் வெளியே நீட்டும், குறுகிய பார்க்கிங்கில் அதை மறந்துவிட்டுத் திரும்பக்கூடாது.

ஓட்டும்போது வித்தியாசம் தெரிகிறதா? தெரிகிறது. ஹிட்ச், ரேக், இரண்டு சைக்கிள் சேர்த்து ஐம்பது கிலோவுக்குச் சற்றுக் குறைவு. அந்த எடை பின் ஆக்ஸிலுக்கும் ஏறக்குறைய 1.4 மீட்டர் பின்னால் தொங்குகிறது. இரண்டு ஆக்ஸிலுக்கும் நடுவே 2.31 மீட்டர். நெம்புகோல் கணக்குப்படி முன்சக்கரங்களின்மேல் இருக்கும் பாரத்திலிருந்து முப்பது கிலோவுக்கு அருகில் குறைகிறது, பின்சக்கரங்கள்மேல் எழுபது கிலோவுக்கு மேல் கூடுகிறது. லாரிக்கு இது கொசுக்கடி. முன்னும் பின்னும் சரிபாதியாக எடையைப் பங்கிட்டுச் செய்த ஆயிரம் கிலோ காருக்கு அப்படி இல்லை. ஹைவே 84-ன் வளைவுகளில் ஸ்டீயரிங் லேசாகிறது, மூக்கு திரும்ப ஒரு கணம் யோசிக்கிறது. வேகத்தைக் குறைத்தால் ஒரு தொந்தரவும் இல்லை. எப்படியும் சைக்கிளைக் கட்டிக்கொண்டு வளைவில் வித்தை காட்ட யாரும் போவதில்லை.

குறை என்று பார்த்தால், வீட்டு வாசல் சரிவில் ஏறும்போது ஹிட்ச் தரையில் உரசுகிறது. கார் ஏற்கனவே தாழ்வு. சரிவைக் கோணலாகப் பிடித்து ஏறிப் பழகிக்கொண்டேன். ரேக் ஆடாமல் இருக்க தண்டில் இருக்கும் இறுக்கும் திருகை ஒவ்வொரு முறையும் முறுக்க வேண்டும், இல்லாவிட்டால் கடகடவென்ற சத்தத்தைக் கூரை திறந்த காரில் நீங்கள் முழுசாகக் கேட்பீர்கள். 2018 மே மாதத்துக்குப் பிறகு வந்த கார் என்றால் பின்கேமரா கட்டாயம் இருக்கும், அதில் சைக்கிளைத் தவிர வேறு எதுவும் தெரியாது. நம்பர் பிளேட் விவகாரம் இதிலும் உண்டு. பிளேட்டை ரேக்கிலேயே மாட்டிக்கொள்ளும் சட்டத்தைத் தனியாக விற்கிறார்கள், வாங்கிவிடுங்கள். டிக்கியில் இருந்து எடுக்க வேண்டியதை சைக்கிள் ஏற்றும் முன் எடுத்துக்கொள்வது நல்லது.

ஆனாலும் இதைத்தான் வைத்துக்கொண்டிருக்கிறேன். பெயின்ட்டில் எதுவும் படுவதில்லை. சீட் இரண்டும் காலி. உட்கார்ந்த இடத்திலிருந்தே ஒற்றைக் கையால் கூரையைப் பின்னால் தள்ளுவது இந்தக் காரின் பெரிய சுகம், அதுவும் போகவில்லை. வீட்டுக்கு வந்து பின்னை உருவி ரேக்கைச் சுவரில் சாய்த்துவிட்டால் கார் பழையபடி ஆகிவிடுகிறது. செலவு மட்டும் மூன்றிலும் அதிகம். ஹிட்ச், அதை மாட்டும் கூலி, ரேக் என்று மூன்று பில் வரும்.

மின்சார சைக்கிள் வைத்திருப்பவர்கள் மட்டும் கொஞ்சம் நிதானிக்கவும். ஒவ்வொன்றும் 20, 25 கிலோ இருக்கும். பேட்டரியைக் கழற்றிக் காருக்குள் வைத்தாலும் இரண்டு சைக்கிளோடு ரேக்கின் வரம்பை நெருங்கிவிடும், மேலே சொன்ன நெம்புகோல் கணக்கும் அப்படியே பெருகும். ஒன்று என்றால் ஏற்றலாம். இரண்டு என்றால் மினிவேன் சாவியை எடுங்கள்.