வார்தோ வழக்கேடுகளும் வெறியாட்டும்

நார்வேயின் வடகோடியில் உள்ள வார்தோ ஒரு சிறு மீனவத் தீவூர். 1617ஆம் ஆண்டு கிறித்துமசுக்கு முன்னாள் எழுந்த புயலில் அப்பகுதி மீனவர் ஏறத்தாழ 40 பேர் மாண்டனர். 1621இல், அப்புயலை எழுப்பியோர் சூனியக்காரியர் என வழக்கு நிகழ்ந்தது. கயிற்றில் மும்முடிச்சிட்டு, உமிழ்ந்து, அவிழ்த்ததாக ஒருத்தி ஒப்புக்கொண்டாள். கடலில் எறிந்து சோதிக்கும் முறையும் இருந்தது; மிதந்தவள் குற்றவாளி. அந்நூற்றாண்டில் அந்நிலப்பகுதியில் கொல்லப்பட்டோர் 91 பேர்; பெரும்பாலோர் பெண்டிர்.

அவ்வாக்குமூலங்களை மீனவர் நம்பிக்கைக்குச் சான்றாக அப்படியே கொள்ளல் பொருந்தாது. முடிச்சுக் கயிறு மீனவருடையது; சாத்தானோடு செய்த உடன்படிக்கை என்பதோ மன்றத்தார் நூல்வழிக் கொணர்ந்தது. இரண்டும் ஒருத்தியின் வாய்மொழியாகவே ஏட்டில் ஏறியுள்ளன.

வடமதுரையிலிருந்து நோக்கும் நமக்கு அவ்வூர் நெடுந்தொலைவு. எனினும் வெறியாட்டுப் பாடல்களைப் பயின்றோர்க்கு இத்தகைய தீர்ப்பு முற்றும் புதிதன்று. பாட்டும் வழக்கேடும் ஒருவகையல்ல என்பதை மறந்திலேம். தலைவியின் மெலிவுக்கு முருகனே காரணம் என்கின்றான் வேலன். அதுவும் பிழைத்தீர்ப்பே. ஆயின் பழி தெய்வத்தின்மேற் செல்கின்றது, உயிரிழப்பது மறிக்குட்டி. மேலும், வேலன் அறியாததைத் தோழி அறிவாள்; அவள் கூற்றால் நாமும் அறிகின்றோம். வார்தோ ஏட்டில் தோழி கூற்று இல்லை. 2011இல் அங்கு எழுந்த நினைவில்லத் துகில்களில் பொறித்த செய்திகளும் அவ்வேடுகளிலிருந்தே எடுக்கப்பட்டன.