சொன்னவர் யார்?

சில மாதங்களுக்கு முன் மேலப்பாளையத்தில் உறவினர் ஒருவரின் இல்லத் திண்ணையில் நாம் அமர்ந்திருந்தோம். வெளியூர்க் கல்லூரி மாணவர் ஒருவர், கையில் வினாத்தாள் கட்டுடன் வந்து, பணிவாக அனுமதி கேட்டு வினவத் தொடங்கினார். "உங்கள் வீட்டில் வேலை பார்ப்பவர்கள் எத்தனை பேர்?" என்றார். "நான் ஒருவன்தான் தம்பி" என்றார் வீட்டுப் பெரியவர். மாணவர் '1' என்று குறித்துக்கொண்டு அடுத்த வினாவுக்குப் போனார். அந்த நேரத்தில் உள்ளிருந்து பீடி இலை வெட்டும் கத்தரியின் ஓசை நம் செவியில் விழுந்துகொண்டிருந்தது. பெரியவரின் மனைவியும் மருமகளும் மடியில் சுளகை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தனர்.

பெரியவர் பொய் சொல்லவில்லை. 'வேலை' என்றால் வீட்டை விட்டு வெளியே சென்று செய்வது என்பதே அவர் அறிந்த பொருள். மாணவரும் தவறாக எழுதவில்லை, சொன்னதைத்தான் எழுதினார். உண்மை அறிந்திருந்தும் நாம் வாய் திறக்காமல் இருந்தோம். மாணவர் சென்ற பின் மருமகள் கதவோரம் நின்று, "மாமா, அந்தத் தம்பி எங்களையெல்லாம் எழுதலியா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியே இக்கட்டுரைக்குக் காரணம்.

சமூகவியலும் பொருளியலும் நம் கல்லூரிகளில் எவ்வாறு கற்பிக்கப்படுகின்றன? ஆய்வு முறை என்னும் பாடம் இலக்கணங்களில் தொடங்குகிறது. கருதுகோள், மாதிரி எடுத்தல், அட்டவணை என்று வரையறைகள் மனப்பாடம் செய்யப்படுகின்றன. பின்னர் பழைய ஆய்வேடு ஒன்றிலிருந்து வினாத்தாளை எடுத்துச் சிறிது மாற்றிக்கொண்டு மாணவர் தெருவில் இறங்குகிறார். யாரிடம் கேட்பது, எந்தச் சொல்லால் கேட்பது, கேட்கும்போது அருகில் நிற்பவர் யார் என்பவை அவருக்குச் சொல்லித் தரப்படுவதில்லை. இக்குறை நேற்று வந்ததன்று. அதன் வரலாற்றைப் பொருநைக் கரையிலேயே காணலாம்.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இந்தியப் பொருளாதாரப் பேராசிரியராக 1915 இல் வந்தவர் கில்பர்ட் ஸ்லேட்டர். நூல்களில் மட்டும் இந்தியப் பொருளாதாரத்தைப் படிக்க இயலாது என்று உணர்ந்த அவர், மாணவர்கள் கையில் வினாப்பட்டியலைத் தந்து, விடுமுறையில் ஊர்களுக்குச் சென்று ஆராய்ந்து வரச் செய்தார். அக்கட்டுரைகள் 1918 இல் 'சில தென்னிந்தியக் கிராமங்கள்' என்னும் பொருள்படும் ஆங்கில நூலாக வெளிவந்தன. அதில் இடம்பெற்ற ஊர்களுள் ஒன்று, நெல்லைக்கு வடக்கே சிற்றாற்றங்கரையில் உள்ள கங்கைகொண்டான். அதே ஊர்கள் 1936-37 இல் மீண்டும் ஆராயப்பட்டு, பி.ஜே. தாமஸ், கே.சி. ராமகிருஷ்ணன் ஆகியோர் பதிப்பில் 1940 இல் மறு ஆய்வு நூல் வெளிவந்தது. 1980-களில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் சார்பில் வெங்கடேஷ் ஆத்ரேயா மீண்டும் கங்கைகொண்டானை ஆராய்ந்து எழுதினார்.

ஒரே ஊரை மூன்று தலைமுறைகள் அளந்து பார்த்திருக்கும் இப்பேறு எத்தனை ஊர்களுக்கு வாய்க்கும்? வகுப்பறையிலிருந்து மாணவரை வயலுக்கு அழைத்துச் சென்ற ஸ்லேட்டரின் துணிவை நாம் போற்றவே வேண்டும். எனினும் திறனாய்வாளர் ஒரு வினா எழுப்புவது கடமை: நிலம், பயிர், கூலி, கடன் பற்றிய அந்த விடைகளைச் சொன்னவர் யார்? அக்காலத்தில் கல்லூரிக் கல்வி எட்டியவர் பெரும்பாலும் வசதியும் மதிப்பும் உடைய குடும்பத்துப் பிள்ளைகள். அவர்கள் கால் எந்தத் தெருவில் தடையின்றி நுழையுமோ, எந்தத் திண்ணையில் அவர்களுக்கு இருக்கை கிடைக்குமோ, அங்கிருந்தே விடையும் எளிதில் வரும். கூலியாளின் வரவுசெலவைக் கூலியாள் சொல்வதற்கும் நிலக்கிழார் சொல்வதற்கும் வேறுபாடு உண்டு. அட்டவணையில் இரண்டும் ஒரே எண்ணாகவே தோன்றும்.

இதற்கு மாற்றான இன்னொரு பள்ளியும் நம் சீமையிலேயே தோன்றியது. நாங்குநேரியில் 1917 இல் பிறந்த பேராசிரியர் நா. வானமாமலை, பாளையங்கோட்டையில் தனிப்பயிற்சிக் கல்லூரி நடத்தியவர். பல்கலைக்கழகத்தின் துணையை எதிர்பாராமல் 1967 இல் நெல்லை ஆய்வுக் குழுவை அமைத்தார். 1969 இல் 'ஆராய்ச்சி' இதழைத் தொடங்கினார். கட்டுரையைக் கூட்டத்தில் படித்து, கேட்போரின் வினாக்களுக்கு முகங்கொடுத்த பின்னரே அச்சுக்கு அனுப்பும் பழக்கத்தில் பல இளைஞர்கள் ஆய்வாளராக உருவாயினர். 1980 இல் அவர் மறைந்த பின்னும் அப்பயிற்சியின் பயன் மறையவில்லை.

அவர் பதிப்பித்தவற்றுள் 'கான்சாகிபு சண்டை' என்னும் கதைப்பாடலும் ஒன்று. மதுரை, நெல்லைச் சீமைகளை ஆண்டு 1764 இல் தூக்கிலிடப்பட்ட யூசுப் கானின் கதை அது. கும்பெனியின் ஆவணங்களை ஆதாரமாகக் கொண்டு எஸ்.சி. ஹில் 1914 இல் எழுதிய ஆங்கில நூல், தன் தலைப்பிலேயே அவரைக் கலகத் தளபதி என்கிறது. தூக்கிலிட்டவர் தரப்பின் கடிதம் ஒருபுறம். ஊர் ஊராகப் பாடிய பாடகரின் குரல் மறுபுறம். இவற்றுள் ஒன்றை மட்டும் நம்பாமல், ஒவ்வொன்றையும் சொன்னவர் யார், எந்த நிலையில் நின்று சொன்னார் என்று ஆராய்வதே முறை. ஆனால் கதைப்பாடல் மட்டும் போதுமென்றும் நாம் கூற மாட்டோம். பாடல் மக்கள் நெஞ்சைக் காட்டும். கூலிக் கணக்கைக் காட்டாது. ஸ்லேட்டரின் அளவுகோலும் நா.வா.வின் செவியும் ஒருங்கே ஒரு மாணவரிடம் அமைய வேண்டும்.

வினாவின் ஒரு சொல் மாறினால் என்னவாகும் என்பதற்கு நாடறிந்த சான்று உண்டு. 1961 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், தொழில் நடக்கும் பருவத்தின் பெரும்பகுதியில் நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஒழுங்காக வேலை செய்தவரும் தொழிலாளராகக் கொள்ளப்பட்டார். 1971 இல் 'முதன்மையான செயல் எது?' என்று கேட்கப்பட்டது. விளைவு, முன்பு ஏறத்தாழ 5.9 கோடியாக இருந்த பெண் தொழிலாளர் எண்ணிக்கை ஏறத்தாழ 3.1 கோடியாக இறங்கிற்று! பத்தாண்டுகளில் அத்தனை கோடிப் பெண்கள் ஓய்வெடுத்துக்கொண்டனர் என்று எவரும் நம்பார். சமைப்பவளும் அவளே, நாற்று நடுபவளும் அவளே. முதன்மை எது என்றதும் வீட்டு வேலை என்ற விடை வந்தது. வயலும் உழைப்பும் அங்கேயே இருந்தன. ஏட்டில்தான் அவள் மறைந்தாள்.

பதிவேடுகளும் இதற்கு விலக்கல்ல. பீடித் தொழிலில் ஒருவர் பெயரில் பாஸ்புக் இருக்க, அந்தக் கணக்கில் சேரும் பீடியை வீட்டில் வேறு இருவர் கையும் சுற்றுவது உண்டு. பாஸ்புக்கை எண்ணினால் ஒருவர். சுளகை எண்ணினால் மூவர். வைப்புநிதி, மருத்துவ உதவி, பிள்ளைகளின் கல்வி உதவித்தொகை யாவும் பதிவில் உள்ள பெயரைத் தேடியே வருகின்றன. ஆகவே எண்ணப்படாமல் விடுபடுவது ஏட்டுப் பிழையோடு முடிவதில்லை. அது அடுப்படி வரை வந்து சேர்கிறது.

'சொன்னவர் யார்?' என்னும் வினா நமக்குப் புதிதன்று. ஹதீதுக் கலை வல்லுநர்கள் செய்தியை மட்டும் கேட்டு அமைந்தவர்களல்லர். அறிவித்தவர் யார், அவர் யாரிடம் கேட்டார், அவர் நினைவாற்றல் எத்தகையது என்று தொடர்முழுதும் ஆராய்ந்தனர். 1377 இல் 'முகத்திமா'வை எழுதிய இப்னு கல்தூன் இன்னும் ஒருபடி சென்றார். மூசா நபியின் படை ஆறு லட்சத்துக்கும் மேல் என்ற பழைய வரலாற்றுக் குறிப்பை எடுத்து, அத்தனை பெரும் படையை ஒரு நாடு தாங்குமா, ஓர் அணியில் நிறுத்த இயலுமா என்று வினவினார். எண் என்பதற்காகவே எண்ணை நம்பக்கூடாது, சமுதாயத்தின் இயல்போடு பொருத்திப் பார்க்க வேண்டும் என்பது அவர் கற்பித்த பாடம். இத்தகைய மரபுக்கு உரியவர்களாகிய நாம், நம் தெருவைப் பற்றிய அட்டவணையை ஆராயாமல் ஏற்பது பொருந்துமா?

நம் ஆசிரியப் பெருமக்களுக்குச் சில கூற விழைகிறோம். வினாத்தாளின் முதல் கட்டம், விடை சொன்னவர் யார், அருகில் இருந்தவர் யார் என்பதற்கு உரியதாகட்டும். பெண்களின் உழைப்பைப் பெண்களிடமே, இயன்றவரை மாணவியரைக் கொண்டே கேளுங்கள். "வேலை பார்க்கிறீர்களா?" என்பதைவிட, "நேற்று சுபுஹு முதல் இஷா வரை என்னென்ன செய்தீர்கள்?" என்பது நல்ல வினா. 1998-99 இல் தமிழ்நாடு உட்பட ஆறு மாநிலங்களில் அரசு நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வு இவ்வழியில் அமைந்ததே. நிறைவாக, முடிந்த ஆய்வை நூலகத்தில் பூட்டிவிடாமல், விடை சொன்ன தெருவிலேயே தமிழில் படித்துக் காட்டுங்கள். பிழை இருந்தால் அவர்களே திருத்துவார்கள். நா.வா.வின் கூட்டத்தில் அறிஞர் செய்ததை மேலப்பாளையத்துத் தாய்மார்களும் பத்தமடையில் பாய் நெய்யும் பெண்களும் செய்ய இயலும்.

நம் குடும்பங்களுக்கும் ஒரு பொறுப்பு உண்டு. வினாத்தாளுடன் வரும் பிள்ளையைத் திண்ணையோடு அனுப்பிவிடாமல், உள்ளே உழைப்பவரிடமும் கேட்கச் செய்வோம். அன்று நாம் வாய் மூடி இருந்ததற்கு அந்த மருமகளிடம் சொல்ல நம்மிடம் விடை இல்லை. மறுமுறை எவரேனும் வந்தால் அவர் பெயரைச் சொல்லியே விடையளிப்போம் என்று மட்டும் உறுதி கூறி வந்தோம்.