ஆறு சுழியங்களும் ஒரு நிறப்பிழையும்

துருக்கி 2005 ஜனவரி 1 அன்று தன் லீராவிலிருந்து ஆறு சுழியங்களை நீக்கியது. பழைய பத்து லட்சம் புதிய ஒன்றானது. இந்த மாற்றத்தின் பணத்தாள்கள் 2005, 2009 என இரு வரிசைகளாக வந்தன. அழகில் இரண்டாவது மேல். வடிவமைப்பின் ஒழுங்கில் முதலாவதே மேல் என்பது என் மதிப்பீடு.

2005 வரிசையில் கற்பனை குறைவு. 1, 5, 10, 20 லீராத் தாள்கள் பழைய பத்து லட்சம், ஐம்பது லட்சம், ஒரு கோடி, இரண்டு கோடித் தாள்களின் ஓவியங்களையே ஏற்றன. ஒட்டோமான் கடலோடி பீரி ரெய்ஸின் வரைபடம் ஒரு கோடியிலிருந்து அப்படியே பத்துக்கு இறங்கியது. ஆயினும் இந்தச் சிக்கனத்தில் தர்க்கம் உண்டு. அந்த ஆண்டு முழுவதும் இருவகைத் தாள்களும் சேர்ந்தே புழங்கின. பழைய இரண்டு கோடியைப் புதிய இருபதாக எண்ணி வாங்கியவருக்கு நட்டமில்லை, மதிப்பு ஒன்றே. அறிமுகமில்லாத தாளில்தான் போலி எளிதில் நுழையும். பழகிய தோற்றம் அந்த வாய்ப்பைச் சுருக்கியது.

2009இல் லீராவின் பெயரிலிருந்த ‘புதிய’ என்ற அடைமொழி நீங்கியது. தோற்றம் முழுதாக மாறியது. பின்புறத்தில் கணித அறிஞர் ஜாஹித் ஆர்ஃப், எழுத்தாளர் ஃபாத்மா அலியே, இசைமேதை இத்ரி, கவிஞர் யூனுஸ் எம்ரே எனச் சிந்தனை மரபு அணிவகுத்தது. கட்டடங்களையும் நிலக்காட்சிகளையும் விட இது செறிவான தேர்வு. மதிப்பு ஏற ஏறத் தாளின் நீளமும் 6 மில்லிமீட்டர் வீதம் ஏறியது.

பிழை நிறத்தில் நேர்ந்தது. எல்லாத் தாள்களின் முன்புறமும் குடியரசை நிறுவிய அத்தாதுர்க்குக்கே உரியது. ஆகவே மதிப்பைப் பிரித்துக் காட்டும் வேலையை முகம் செய்யாது, நிறமே சுமக்க வேண்டும். அந்நிலையில் ஐந்தின் பழுப்பு, ஐம்பதின் ஆரஞ்சுக்கு நெருங்கிவிட்டது. நீளத்தில் 18 மில்லிமீட்டர் வேறுபாடு இருந்தும் அது போதவில்லை. 2013இல் ஐந்தை ஊதாவாக்கினார்கள்.

ஒப்புமை தன்னளவில் குற்றமன்று. சமமதிப்புள்ள தாள்களிடையே அது துணை; பத்து மடங்கு வேறுபடும் தாள்களிடையே கேடு. நீர்க்குறியும் பாதுகாப்பு இழையும் போலியைத்தான் பிடிக்கும். அசல் தாளை மாற்றிக் கொடுத்துவிடும் கையை அவை தடுக்கா. 2005 வரிசை இந்த வேறுபாட்டை உணர்ந்தது, 2009 வரிசை மறந்தது. எனினும் எண்ணை முதலிலும் தோற்றத்தைப் பின்னரும் மாற்றிய இருகட்ட முறை, சுழியம் வெட்டும் எந்த நாடும் பின்பற்றத் தக்கது.