மெல்லிய கோடு சொல்லும் தீர்ப்பு

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் வீட்டுத் திருமணம் ஒன்றுக்கு அழைப்பிதழ் உறைகளில் முகவரி எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. கையெழுத்து நன்றாக இருக்கும் என்ற பெயரால் வந்த வினை. 1.1 மி.மீ. இத்தாலிக் நிப்பு, அப்போது புதிதாக வாங்கியிருந்த மயில்பச்சை மை, நூற்றுச் சொச்சம் உறைகள். எழுதி முடித்து மேசையில் பரப்பி வைத்தபோது எனக்கே கொஞ்சம் கர்வம்தான். தபாலில் சேர்த்த வாரம் ஐப்பசி அடைமழை. நான்காம் நாள் அத்தை போன் செய்தார். “கவர்ல மயில்தோகை மாதிரி ஏதோ பரவிக் கிடக்குடா. போஸ்ட்மேன் குத்துமதிப்பா நம்ம வீடுதான்னு கொடுத்துட்டுப் போனார்.” எத்தனை உறைகளுக்கு அப்படிக் குத்துமதிப்பு வாய்க்கவில்லை என்பது திருமணத்தன்று பந்தியில் காலியாகக் கிடந்த இலைகளில் தெரிந்தது.

நிப்பைத் தேர்ந்தெடுக்க மூன்று மாதம் யோசித்தவன், மையை நிறம் பார்த்து மூன்று நிமிடத்தில் வாங்கியிருந்தேன். இத்தாலிக் நிப்பு பிடிக்கிறவர்கள் பலரும் செய்கிற பிழை இது. இந்த நிப்பைப் பொறுத்தவரை நிறம் கடைசிக் கேள்வி. முதல் கேள்வி: மெல்லிய கோடு மெல்லியதாகவே நிற்கிறதா?

நிப்பின் கணக்கு

சாதாரண நிப்பின் நுனி உருண்டை. எந்தப் பக்கம் இழுத்தாலும் ஒரே தடிமனில் கோடு விழும். இத்தாலிக் நிப்பின் நுனி உளிபோலத் தட்டையாக வெட்டப்பட்டது. அதைத் தாளின் கோட்டுக்கு 45 பாகைச் சாய்வில் பிடிப்பது வழக்கம். இடமேலிருந்து வலக்கீழாக இழுத்தால் நிப்பின் முழு அகலம் பதியும். இடக்கீழிருந்து வலமேலாக இழுத்தால் விளிம்பு மட்டும் தாளைத் தொட்டு ஓடி, மயிரிழைக் கோடு பிறக்கும். நேர்க்கோடும் படுக்கைக் கோடும் இரண்டுக்கும் நடுவில், 1.1 மி.மீ. நிப்பில் சுமார் 0.78 மி.மீ. வரும். கையை அழுத்தாமலே தடிப்பும் மெலிவும் மாறி மாறி வருவதுதான் இந்த எழுத்தின் முழு அழகும்.

இனி மை பரவும் கணக்கைப் பாருங்கள். தடித்த கோடு 1.1 மி.மீ., மெல்லிய கோடு 0.3 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். விகிதம் மூன்றரைக்கு மேல். மை தாளில் இருபுறமும் 0.1 மி.மீ. மட்டும் ஊறுகிறது என்றால் தடித்தது 1.3 ஆகும், மெல்லியது 0.5 ஆகும். விகிதம் 2.6 ஆகச் சரிந்துவிடுகிறது. ஊறல் இரண்டுக்கும் சமம்தான். சேதம் மெலிந்தவனுக்குத்தான் அதிகம். விலை கொடுத்து வாங்கிய இத்தாலிக் நிப்பு ஏதோ ஒரு தடித்த நிப்பாக மாறிவிடுவது இப்படித்தான். எந்த மை மரபை எடுத்தாலும் இந்தக் கணக்கை வைத்தே எடைபோட வேண்டும்.

மாசிக்காய் மரபு

மரபுகளில் மூத்தது இரும்பு மை. நம் ஊர் நாட்டு மருந்துக் கடையில் நின்றாலே அதன் கூட்டுப்பொருள்கள் அத்தனையும் கிடைக்கும்: குழந்தைக்கு உரைத்துக் கொடுக்கும் மாசிக்காய், சித்த மருத்துவர்கள் கையாளும் அன்னபேதி, பிசின். மாசிக்காய் என்பது காய் அல்ல. ஓக் இன மரத்தில் குளவியொன்று முட்டையிட, அந்த இடத்தில் மரம் திரட்டும் கரணை. அதில் துவர்ப்பு நிறைந்திருக்கிறது. அந்தத் துவர்ப்பும் அன்னபேதியின் இரும்பும் சேர்ந்த நீர் முதலில் வெளிறியிருக்கும். தாளில் பட்டுக் காற்றுடன் கலந்தபின் கறுத்து, நீரில் கரையாத பொருளாகி, நார்களைப் பற்றிக்கொள்ளும்.

இத்தாலிக் எழுத்து பிறந்ததே இந்த மையோடுதான். 15ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் புளோரன்ஸ் நகரின் நிக்கோலோ நிக்கோலி வேகமாகவும் தெளிவாகவும் எழுதப் பழகிய சாய்வெழுத்து, பின்னர் போப்பாண்டவரின் அலுவலக எழுத்தானது. 1522இல் ரோமில் லுடோவிகோ அர்ரிகி ‘லா ஒபெரினா’ என்ற கையேட்டை அச்சிட்டு அதை எல்லோர் கைக்கும் கொண்டுவந்தார். இறகை உளிபோலச் சீவி, இரும்பு மையில் தோய்த்து எழுதிய காலம் அது.

எழுதும்போது வெளிறித் தெரிவது எழுதுகிறவருக்குத் தொல்லை. ஆகவே நீலச் சாயம் கொஞ்சம் கலந்தார்கள். நீலமாக விழுந்து கறுப்பாக முற்றும் மைக்குப் ‘புளூ-பிளாக்’ என்ற பெயர் அதனால் வந்தது. இன்று அந்தப் பெயர் தாங்கிய எல்லாப் புட்டியிலும் இரும்பு இல்லை. பார்க்கர் குவிங்க் புளூ-பிளாக் சாய மை. பெலிக்கன் 4001 புளூ-பிளாக், பிளாட்டினம் புளூ-பிளாக், ரோரர் அண்ட் கிளிங்க்னரின் ‘சாலிக்ஸ்’, ‘ஸ்காபியோசா’ ஆகியவை இன்றும் இரும்பு மரபினர்.

மெல்லிய கோட்டுக்கு இவற்றைவிட நல்ல துணை எனக்குத் தெரியவில்லை. சற்றே வறண்ட ஓட்டம். மட்டமான தாளிலும் விளிம்பு கலையாத கோடு. குறையும் உண்டு. அமிலத்தன்மை உள்ளதால் பேனாவில் மாதக்கணக்கில் விட்டுவைக்கக் கூடாது. வண்டல் படியும், முலாம் பூசிய பாகங்கள் அரிக்கும். இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். மருந்துக் கடைச் சரக்கை வீட்டில் காய்ச்சி ஊற்றுப் பேனாவில் ஊற்றிவிடாதீர்கள். பிசின் கலந்த மை தொட்டெழுதும் நிப்புக்கு உரியது. ஊற்றுப் பேனாவின் நாக்கில் இருக்கும் நுண்வழிகளை அது அடைத்துவிடும்.

சாய மரபு

1856இல் வில்லியம் பெர்கின் என்ற பதினெட்டு வயது ஆங்கிலேய மாணவர் கொயினா மருந்து செய்யப் போய், தற்செயலாக ஊதா நிறச் செயற்கைச் சாயத்தைக் கண்டார். செயற்கைச் சாயத் தொழிலுக்குப் பிள்ளையார் சுழி அது. நீரில் முழுமையாகக் கரைந்த சாயத்தில் வண்டலும் இல்லை, அரிப்பும் இல்லை. ஊற்றுப் பேனாவுக்கு இதைவிடச் சாதுவான மை கிடையாது. பார்க்கர் நிறுவனம் 1931இல் கொண்டுவந்த ‘குவிங்க்’ இம்மரபின் பெரும்புள்ளி. ‘சீக்கிரம்’, ‘மை’ என்ற இரு ஆங்கிலச் சொற்களை ஒட்டி வைத்த பெயர்.

நம் நாட்டு மைகளின் வரலாறும் பெரும்பாலும் இந்த மரபில்தான் அடங்கும். பம்பாயில் 1931இல் தொடங்கிய கேம்லின், சுதேசி உணர்வில் 1934இல் வங்காளத்தில் எழுந்த சுலேகா, சென்னைப் பிள்ளைகளின் சட்டைப் பையை நீலமாக்கிய பிரில், தாத்தாமார் இன்றும் பெயர் சொல்லும் செல்பார்க். வகுப்பில் மை கொட்டினால் சாக்பீஸால் ஒற்றியெடுத்த தலைமுறைக்கு மை என்றாலே ராயல் புளூதான்.

இம்மரபுக்குள்ளேயே இரண்டு குணம் உண்டு. மையின் பரப்பு இழுவிசையைக் குறைக்கும் சேர்மானம் கூடினால் ஓட்டம் தாராளமாகும், குறைந்தால் வறளும். வாட்டர்மேன் மை தாராளம், பெலிக்கன் 4001 வரிசை சிக்கனம் என்பது பேனாக்காரர்களின் பொது அனுபவம். இத்தாலிக் நிப்புக்கு நான் சிக்கனத்தின் பக்கம். ஆனால் சிக்கனத்துக்கும் எல்லை உண்டு. தட்டை நிப்பின் முழு அகலத்துக்கும் மை போய்ச் சேராவிட்டால் கோட்டின் ஒரு ஓரம் விட்டுப்போகும்; கூர்மூலை நிப்பு தாளைக் கீறும். மை நிறம் மட்டும் தருவதில்லை, நிப்புக்கு எண்ணெயாகவும் இருக்கிறது.

சாயத்தின் பெருங்குறை நீர். என் மயில்பச்சை அந்த வகைதான்.

கரி மரபு

சீனத்து மைக்கட்டியும் நம் விளக்குக் கரியும் ஒரே குடும்பம். கரி வெயிலில் வெளுக்காது, நீரில் கரையாது. மைக்கட்டியைக் கல்லில் உரைத்து எழுதுகிறவர்களுக்கு அது காலங்காலமாகக் கைவந்த பொருள். ஊற்றுப் பேனாவுக்குத்தான் நெடுநாள் எட்டாமல் இருந்தது. கடையில் ‘இந்தியன் இங்க்’ என்று விற்கும் ஓவிய மையில் அரக்கு சேர்ந்திருக்கும். அதைப் பேனாவில் ஊற்றினால் பேனாவுக்குக் கருமாதிதான்.

ஜப்பானியர் கரித்துகளை மிக நுண்ணியதாக அரைத்து இந்தத் தடையைத் தாண்டினார்கள். பிளாட்டினத்தின் கார்பன் மையும் செய்லரின் ‘கிவாகுரோ’வும் அப்படி வந்தவை. இவற்றில் துகள் தாளின் மேற்பரப்பிலேயே தங்குவதால் கோடு கறுத்து, கூர்மையாக நிற்கும். தினமும் எழுதுகிறவருக்கு இவை வரம். பேனாவை மூடிவைத்து மறந்துவிடுகிறவருக்குச் சாபம். நாக்கில் காய்ந்த கரியை வெறும் தண்ணீர் அசைக்காது.

வண்ண ஜாலம்

இந்த நூற்றாண்டின் புதுப்பள்ளி நிறத்தையே கொண்டாடுகிறது. பைலட் நிறுவனம் 2007இல் தொடங்கிய ‘இரோஷிசுகு’ வரிசை அதற்கு நல்ல அடையாளம். ஒரே கோட்டுக்குள் வெளிறலும் அடர்த்தியுமாக நிறம் மாறுவது ஒரு வித்தை. மேற்பரப்பில் சாயம் படிந்து செம்பு மினுக்கு காட்டுவது இன்னொன்று. பொன்துகள் மிதப்பது மூன்றாவது. அகலமான இத்தாலிக் நிப்பு நிறைய மை இறக்குவதால் இந்த வித்தைகள் அதில்தான் நன்றாகத் தெரியும். ஆனால் மினுக்குக்கு மை தேங்க வேண்டும். தேங்கினால் மெல்லிய கோடு பருக்கும். வாழ்த்து அட்டைக்குச் சரி. கடிதத்துக்கு யோசிக்க வேண்டும்.

அளவுகோல் யார் கையில்?

அரசாங்கம் அளவுகோல் வைத்த இடங்கள் உண்டு. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் திருமணப் பதிவேட்டைப் பதிவாளருக்கென்றே தயாரித்த இரும்பு மையால் எழுதினார்கள். 2021 மே 4 அன்று பதிவு கணினிக்கு மாறும்வரை அந்த வழக்கம் நீடித்தது. அவர்கள் கேட்டது நிலைப்பு ஒன்றைத்தான்.

எழுத்தாசிரியர்களின் அளவுகோல் வேறு. 1899 முதல் லண்டனில் எழுத்துக்கலை கற்பித்த எட்வர்ட் ஜான்ஸ்டன் தட்டைப் பேனாவை மீட்டெடுத்தார். ஆல்பிரட் பேர்பேங்க் 1932இல் வெளியிட்ட கையெழுத்துக் கையேடு அதை அன்றாட எழுத்துக்குக் கொண்டுவந்தது. 1952இல் இத்தாலிக் கையெழுத்துச் சங்கம் பிறந்தது. நிப்பைக் கழற்றி மாற்றக்கூடிய ‘ஆஸ்மிராய்டு’ பேனாக்கள் பிரிட்டிஷ் பள்ளிப் பிள்ளைகள் கையில் இந்த எழுத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்தன. அமெரிக்காவில் ரீட் கல்லூரியில் லாய்டு ரெனால்ட்ஸ் ஒரு தலைமுறையையே பழக்கினார். இவர்கள் மரபில் எழுத்தின் உடலுயரம் நிப்பின் அகலத்தைப் போல் ஐந்து மடங்கு. 1.1 மி.மீ. நிப்புக்கு 5.5 மி.மீ. மேலும் கீழும் நீளும் உறுப்புகளைச் சேர்த்தால் கோடு போட்ட நோட்டில் ஒரு வரி விட்டு ஒரு வரிதான் எழுத முடியும். அதைவிடச் சிறிதாக எழுத ஆசைப்பட்டால் நிப்பை மாற்றுங்கள். மையைக் குறை சொல்லிப் பயனில்லை.

தமிழ் எழுத்து வைக்கும் தேர்வு

நம் எழுத்து தட்டை நிப்பில் வளர்ந்ததன்று. எழுத்தாணியால் ஓலையைக் கீறி, கீறலில் கரி பூசித் துலக்கியது. ஓலையில் தடிப்பும் இல்லை, மெலிவும் இல்லை. ஒரே சீர்க் கோடு. அந்த எழுத்தை உளிநிப்பில் எழுதும்போது ‘ட’வும் ‘ப’வும் எளிதில் வசப்படும். நேர்க்கோடும் படுக்கைக் கோடும் 45 பாகையில் சமத் தடிமன் என்பதால் கட்டடம்போல நிற்கும். சோதனை ‘ண’விலும் ‘ஞ’விலும்தான். ‘ண’வின் சுழிகளை அடுத்தடுத்துப் போடும்போது, தாராளமான மையில் முதல் சுழி காய்வதற்குள் அடுத்தது வந்து சேர்ந்து உள்வெளி அடைபட்டுவிடும். ‘இ’யின் சுழி ஒரு பொட்டாகிவிடும். ஆங்கிலத்துக்குச் சரியாக இருந்த மை தமிழுக்கு ஒரு படி ஈரமாகிப்போவது இதனால்.

எபோனைட்டில் கடைந்து, சொட்டுக்குழாயால் மை ஊற்றும் நம் பேனாக்களுக்கு இது இன்னும் பொருந்தும். ராஜமுந்திரியின் ரத்னம், திருவள்ளூரின் ரங்கா போன்ற கைவினைப் பேனாக்களின் எபோனைட் நாக்கு மையைத் தாராளமாகவே விடும். அதற்கு வறண்ட மை; பிளாஸ்டிக் நாக்கு வைத்த சிக்கனப் பேனாவுக்கு ஒரு பங்கு ஈரமான மை. இப்படி ஜோடி சேர்த்தால் சண்டை வராது.

புது மை வாங்கினால் நான் செய்வது இவ்வளவுதான். எதில் எழுதப்போகிறேனோ அதே நோட்டின் கடைசிப் பக்கத்தில் மேலும் கீழுமாக ஒரு ரம்பப்பல் வரிசை. மெல்லிய பற்கள் மெலிந்தே நிற்கின்றனவா என்று உருப்பெருக்கியில் ஒரு பார்வை. அடுத்து பத்து ‘ண’. எத்தனை சுழிக்குள் தாள் தெரிகிறது என்ற எண்ணிக்கை. தாளைத் திருப்பிப் பின்பக்கம் மை இறங்கியிருக்கிறதா என்று ஒரு நோட்டம். மறுநாள் விரல் நுனியில் ஒரு சொட்டுத் தண்ணீர். ஓரத்தில் பேனாவின் பெயர், மையின் பெயர், தேதி. அதன்பிறகே நிறத்தைப் பற்றி யோசிக்கிறேன்.

என் நோட்டின் அந்தக் கடைசிப் பக்கத்தில் மயில்பச்சையும் இருக்கிறது. பத்து ‘ண’வில் ஏழு அடைபட்டவை, தண்ணீர் பட்ட இடத்தில் ஒரு பச்சைக் குளம். இந்தச் சோதனையை உறை எழுதுவதற்கு முந்தின வாரம் செய்திருந்தால் அந்த இலைகள் காலியாகக் கிடந்திருக்காது. அந்தப் புட்டியை நான் தூக்கிப் போடவில்லை. வீட்டில் கோலப் புள்ளி நோட்டுக்கு அதைத்தான் எடுக்கிறார்கள். தபாலில் போகும் உறை என்றால் இரும்பு மைப் பேனாவை எடுக்கிறேன். எழுதியதைப் பத்து நிமிடம் காற்றில் விட்டுக் கறுக்கப் பார்த்துவிட்டே அஞ்சல் தலை ஒட்டுகிறேன்.