வெளிச்சத்தில் பிடித்த ஷீட்

நன்றாகப் புகையூட்டிய கித்தா (ரப்பர்) ஷீட்டை மேசைமேல் வைத்துப் பார்ப்பது வீண். ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடிக்க வேண்டும். மங்கிய பழுப்பு அப்போது தேன் நிறமாகும். பின்னால் இருக்கும் விரல்கள் நிழலாகத் தெரியும்.

ஈப்போ சுற்றுவட்டாரத்துத் தோட்டங்களில் அந்த நிறத்தை உண்டாக்கியவர்களில் பெரும்பாலோர் நம் தமிழர்கள். கித்தாப் பாலில் ஃபார்மிக் அமிலம் விட்டு உறையவைத்து, உருளையில் கொடுத்து, மூன்று மில்லிமீட்டர் அளவுக்கு மெலிதாக்கி, வரி போட்டு, புகைக்கூடத்தில் சில நாள் தொங்கவிடுவார்கள். வெள்ளையாகப் போனது பொன்னாக வரும்.

தரம் பார்ப்பவருக்கு வெளிச்சமே சாட்சி. மரப்பட்டைத் துணுக்கு கரும்புள்ளியாகும், காற்றுக்குமிழி பளிச்சிடும், சரியாகக் காயாத இடம் வெள்ளைத் திட்டாக நிற்கும். ஒன்றிரண்டு புள்ளியிலேயே விலை இறங்கும். பாலுக்காக மரம் வெட்டியவர் அப்படித் தரம் பார்ப்பதைப் பார்த்ததுண்டா என்பது வேறு கதை.

1965இல் மலேசியா கொண்டுவந்த எஸ்எம்ஆர் என்ற கித்தாத் தரமுறை, அழுக்கை ஆய்வுக்கூடத்தில் எடைபோட்டது. நியாயமான ஏற்பாடுதான், கண் ஆளுக்கு ஆள் மாறும். இன்று ஈப்போவின் சிலிபினில் வளரும் பிள்ளைகள் பலர் ஷீட்டைத் தொட்டே இருக்க மாட்டார்கள். ஆனாலும் புகையூட்டிய ஷீட்டுக்கான சர்வதேசத் தரவிதி நூலான ‘பச்சைப் புத்தகம்’ கண்பார்வையைத்தான் நம்புகிறது.