இடது காலுக்கு வேலை உண்டா?

அமெரிக்க ஸ்போர்ட்ஸ் கார் என்றதும் நினைவுக்கு வரும் ஷெவர்லே கார்வெட் 1953இல் வெளிவந்தபோது அதில் கிளட்ச் மிதியே கிடையாது. பவர்கிளைடு என்னும் இரண்டு கியர் ஆட்டோமேட்டிக் பெட்டி மட்டும்தான். கையால் போடும் மூன்று கியர் பெட்டி 1955இல்தான் சேர்ந்தது. பிறகு வந்த ரசிகர்கள், மேனுவல் இல்லாத கார்வெட்டும் ஒரு கார்வெட்டா என்று கேட்கும் அளவுக்கு அது வேரூன்றியது. 2020 மாடலில் எட்டாம் தலைமுறை வந்தது. கிளட்ச் மிதி மறுபடியும் காணாமல் போனது. மேனுவல் பழையது, ஆட்டோமேட்டிக் புதியது என்று எண்ணுகிறவர்கள் இந்த ஒரு காரின் கதையைப் படித்தாலே போதும். இரண்டும் நீண்ட மரபுகள். இரண்டுக்கும் ஆசான்கள் உண்டு, கிளைகள் உண்டு, எது தேறும் எது தேறாது என்று சொல்லும் அளவுகோல்களும் உண்டு.

அந்த அளவுகோல்கள் வேறு வேறு என்பதே என் கட்சி. நல்ல ஆட்டோமேட்டிக் என்றால் அது வேலை செய்வதே தெரியக் கூடாது. நல்ல மேனுவல் என்றால் ஓட்டுகிறவர் செய்யும் வேலை காரில் தெரிய வேண்டும். கச்சிதமாகச் செய்தாலும் தெரிய வேண்டும், சொதப்பினாலும் தெரிய வேண்டும். ஒன்றின் அளவுகோலால் மற்றதை அளக்கப் போனதில் வந்த வம்புதான், உயர்ரகக் கார் ரசிகர்களின் முப்பதாண்டு வாக்குவாதத்தில் பாதி.

சொகுசு என்ற அளவுகோல் டெட்ராய்ட்டில் உருவானது. பல்சக்கரங்கள் ஒரே வேகத்துக்கு வந்த பிறகே கோத்துக்கொள்ளும்படி செய்யும் சிங்க்ரோமெஷ் ஏற்பாட்டை 1928இல் கேடிலாக் கொண்டுவந்தது. அதற்கு முன், நம் ஊர்ப் பழைய லாரி ஓட்டுநர்களுக்குக் கைவந்த டபுள் கிளட்ச் வித்தை எல்லாப் பணக்காரர்களின் டிரைவர்களுக்கும் தெரிந்திருக்க வேண்டியிருந்தது. அடுத்து 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபீலில் ஹைட்ரா-மேட்டிக் வந்தது: எஞ்சினின் விசையை எண்ணெய் வழியே கடத்தும் இணைப்பு, அதன் பின்னால் தானே மாறும் நான்கு கியர்கள். 1950களின் தொடக்கத்தில் ரோல்ஸ்-ராய்ஸ் இந்தப் பெட்டியைச் செய்ய ஜெனரல் மோட்டார்ஸிடம் உரிமம் வாங்கியது. தன் திருகாணியைக்கூடத் தானே செய்யும் கர்வம் கொண்ட நிறுவனம், இந்த விஷயத்தில் அமெரிக்காவிடம் கைநீட்டத் தயங்கவில்லை. அவர்களுடைய நியமம் அமைதி. அதற்கு எது உதவியதோ அதை எடுத்துக்கொண்டார்கள்.

இங்கிலாந்தில் இன்னொரு கிளையும் இருந்தது. இன்று அதை யாரும் அதிகம் பேசுவதில்லை. டாங்கிகளின் வடிவமைப்பில் பங்குகொண்ட வால்டர் வில்சன் செய்த பிரீசெலக்டர் பெட்டி அது. ஸ்டீயரிங் அருகே உள்ள சிறு நெம்புகோலில் அடுத்த கியரை முன்கூட்டியே குறித்துவிடலாம். வேண்டிய நேரத்தில் மிதியை அழுத்தினால் அது விழும். டெய்ம்லர் போன்ற கண்ணியமான கார்களிலும் இருந்தது, ஈ.ஆர்.ஏ. பந்தயக் கார்களிலும் இருந்தது. இன்றைய ஸ்டீயரிங் பேடில்களுக்கு இதைப் பாட்டன் என்றே சொல்லலாம்.

பந்தயமும் ஆட்டோமேட்டிக்கும் ஒத்துவராது என்று நம்பிய காலத்தில் டெக்ஸாஸைச் சேர்ந்த ஜிம் ஹால் தம் சாப்பரல் கார்களில், எண்ணெய் வழியே விசையைக் கடத்தும் டார்க் கன்வர்ட்டரை வைத்தார். கியரைக் கையால் மாற்றலாம், ஆனால் கிளட்ச் மிதி இல்லை. 1966இல் நியூர்பர்க்ரிங் 1000 கிலோமீட்டர் பந்தயத்தில் சாப்பரல் 2டி வென்றது. அதே ஆண்டு வந்த 2இ காரில் ஹால் செய்த குறும்பு எனக்கு மிகவும் பிடித்தது. இடது கால் சும்மாதானே இருக்கிறது என்று, காரின் மேலே உயர்ந்து நிற்கும் இறக்கையைச் சாய்க்கும் மிதியை அதன் பொறுப்பில் விட்டுவிட்டார்.

இனி இத்தாலி. ஃபெராரியின் ஊரான மரனெல்லோ பள்ளியின் அடையாளம் திறந்த உலோகத் தடம். பளபளக்கும் தகட்டில் வெட்டிய பள்ளங்கள், அவற்றினூடே நகரும் மெல்லிய தண்டு, மேலே உருண்டைக் குமிழ். தடத்தின் விளிம்பில் தண்டு தட்டும் ஓசைக்காகவே ஃபெராரி வாங்கியவர்கள் உண்டு. அந்தப் பெட்டிகள் எளிதில் வசப்படுவதில்லை. காலையில் எண்ணெய் சூடேறும்வரை இரண்டாவது கியர் விழ மறுக்கும். பழகியவர்கள் முதல் கியரிலிருந்து நேரே மூன்றாவதுக்குப் போவார்கள். இதைக் குறை என்று சொல்லும் உரிமையாளர் அரிது. மேனுவல் மரபில் முரண்டு ஒரு தகுதி.

ஆனால் இதே மரனெல்லோதான் 1976இல் 400 ஆட்டோமேட்டிக் காரை விற்றது. அதில் இருந்தது ஜெனரல் மோட்டார்ஸின் மூன்று கியர் பெட்டி. பக்தர்கள் முகம் சுளித்தார்கள். அந்தக் காரை வாங்கியவர்களில் பெரும்பாலோர் ஆட்டோமேட்டிக்கையே கேட்டு வாங்கினார்கள். நான்கு இருக்கை, பன்னிரண்டு சிலிண்டர், மிலான் நகர நெரிசல் என்றால் வேறென்ன கேட்பார்கள்?

உண்மையான திருப்பம் 1989இல் வந்தது. ஜான் பர்னார்ட் வடிவமைத்த ஃபெராரி 640 ஃபார்முலா 1 காரில் கியர் தண்டே இல்லை. ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இரண்டு பேடில்கள். மின்னணுக் கட்டளையின் பேரில் ஹைட்ராலிக் அழுத்தம் கியரை மாற்றும். தண்டு போக வேண்டிய இடம் மிச்சமானதால் ஓட்டுநர் அறையைக் குறுக்கலாம். நம்பகமற்றது என்று எல்லோரும் கைவிட்டிருந்த அந்தக் கார், பருவத்தின் முதல் பந்தயமான பிரேசிலில் நைஜல் மான்செல் கையில் வென்றது. அதன்பின் அந்த ஆண்டு அது பழுதாகி நின்ற பந்தயங்கள் ஏராளம். ஆனாலும் சில ஆண்டுகளில் மற்ற அணிகளும் அந்த வழிக்கு வந்தன.

1997இல் எஃப்355 காரில் இந்த ஏற்பாடு சாலைக்கு இறங்கியது. இங்கேதான் சிக்கல் தொடங்கியது. அது மேனுவல் பெட்டிதான். கிளட்சை மிதிப்பதும் கியரை மாற்றுவதும் மட்டும் ஹைட்ராலிக் பம்பின் வேலை. பந்தயத்தில் முழு வேகத்தில் கியர் மாற்றும்போது அந்த உதைப்பு பொருட்டில்லை. வாகன நிறுத்தத்தில் ஊர்ந்து ஏறும்போதும் அதே உதைப்பு வந்தால் பயணி முன்னால் சாய்ந்து பின்னால் விழுகிறார். பி.எம்.டபிள்யூ.வின் எஸ்.எம்.ஜி., ஆஸ்டன் மார்ட்டினின் 2001 வான்க்விஷ், பிற்பாடு 2011இல் வந்த லம்போர்கினி அவென்டடோர் எல்லாம் இந்த வகை. என் தீர்ப்பு கடுமையானது: ஒற்றைக் கிளட்ச் பேடில் தலைமுறை இரு மரபுகளின் தேர்விலும் தோற்றது. அது தன்னை மறைக்கவும் இல்லை, ஓட்டுகிறவரின் கைக்கு வேலை தரவும் இல்லை. ஆஸ்டன் மார்ட்டினின் நியூபோர்ட் பாக்னெல் பணிமனை பழைய வான்க்விஷின் பேடில்களைக் கழற்றி, மூன்று மிதியும் கியர் தண்டும் பொருத்தித் தரும் சேவையைப் பிற்காலத்தில் தொடங்கியது. வாடிக்கையாளரும் பணம் கொடுத்துச் செய்துகொள்கிறார்கள்.

ஃபெராரியில் தடம் 2008இன் கலிபோர்னியாவோடு முடிந்தது. அதிலும் மேனுவல் கேட்டு வாங்கியவர்கள் சொற்பம். 2009இல் வந்த 458 இட்டாலியாவுக்கு மேனுவலே இல்லை. இன்று ஒரே மாடல் பழைய ஃபெராரிகளில் தடம் உள்ளதற்கும் பேடில் உள்ளதற்கும் விலையில் பெரும் வித்தியாசம் இருக்கிறது. அன்று வேண்டாம் என்றது இன்று எட்டாத விலைக்கு.

ஸ்டுட்கார்ட் பள்ளியின் குணம் வேறு. போர்ஷேவின் அளவுகோல் எப்போதும் கடிகாரம். 1960களின் இறுதியிலேயே ஸ்போர்ட்டோமேட்டிக், 1990இல் டிப்ட்ரானிக் என்று 911இல் அவர்கள் செய்யாத சோதனை இல்லை. பி.டி.கே. என்ற இரட்டைக் கிளட்ச் பெட்டியை 1980களில் பந்தயக் கார்களில் வளர்த்தார்கள். ஒற்றைப்படைக் கியர்கள் ஒரு கிளட்சில், இரட்டைப்படைக் கியர்கள் இன்னொன்றில். ஒன்று சக்தி கொடுக்கும்போதே அடுத்த கியர் கோத்துத் தயாராக நிற்கும். ஒரே உரலில் இருவர் மாற்றி மாற்றி உலக்கை போடுவது போல இடைவெளியே விழாது. 1986இல் மோன்சாவில் ஹான்ஸ்-யோவாக்கிம் ஷ்டுக்கும் டெரெக் பெல்லும் ஓட்டிய 962 இந்தப் பெட்டியோடு வென்றது. சாலைக் காருக்கு அது 2008இல்தான் வந்தது; கணினி அந்த அளவு பக்குவப்படும்வரை பொறுத்திருந்தார்கள். அதற்குள் ஃபோக்ஸ்வாகன் 2003இலேயே கோல்ஃப் ஆர்32 மூலம் முந்திக்கொண்டது என்பது வேறு கதை.

2013இல் வந்த 911 ஜி.டி.3 பி.டி.கே.யோடு மட்டுமே கிடைத்தது. கடிகாரத்தின்படி குறை சொல்ல இடமில்லை. ஆனால் ஜி.டி.3 வாங்குகிறவர்களில் பலர் கடிகாரத்துக்காக வாங்குவதில்லை என்பதை நிறுவனம் அப்போதுதான் கண்டுகொண்டது. 2016இல் 911 ஆர் வந்தது: 4 லிட்டர் எஞ்சின், ஆறு கியர் மேனுவல் மட்டும், மொத்தம் 991 கார்கள். கைமாறும் சந்தையில் அதற்கு வாங்கிய விலையின் பல மடங்கு கேட்டார்கள். மறு ஆண்டே ஜி.டி.3க்கு மேனுவல் திரும்பிவிட்டது. 2023இல் 911 எஸ்/டி என்று 1963 கார்கள், மறுபடியும் மேனுவல் மட்டும். இம்முறை கியர் விகிதங்களையும் குறுக்கினார்கள்.

இதில் ஒரு கணக்கு சுவையானது. 2021இல் வந்த 992 தலைமுறை ஜி.டி.3, மணிக்கு 100 கிலோமீட்டரைத் தொட பி.டி.கே.யில் 3.4 வினாடி, மேனுவலில் 3.9 வினாடி. மேனுவல் கார் 17 கிலோ எடை குறைவு. அப்படியும் அரை வினாடி பின்தங்குகிறது. அந்த அரை வினாடியைக் கொடுத்துவிட்டு வேறொன்றை வாங்க மனிதர்கள் தயார் என்றால், வேகம் என்ற அளவுகோல் இங்கே செல்லாது.

மியூனிக்கின் பி.எம்.டபிள்யூ. சென்ற பாதை வளைந்து நெளிந்தது. 2005இன் எம்5 ஏழு கியர் எஸ்.எம்.ஜி.யோடு வந்தது, அமெரிக்க வாடிக்கையாளர்கள் பிடிவாதம் பிடித்து ஆறு கியர் மேனுவலைப் பெற்றுக்கொண்டார்கள். அடுத்த எம்5 இரட்டைக் கிளட்ச். 2017இல் அதையும் விட்டுவிட்டு டார்க் கன்வர்ட்டருக்கே திரும்பினார்கள். காரணம் இசட்.எஃப். நிறுவனம் ஸார்புரூக்கனில் செய்யும் எட்டு கியர் பெட்டி, 2009 முதல் பி.எம்.டபிள்யூ.வில் இருப்பது. வண்டி கிளம்பும்போது எண்ணெய் இணைப்பு மென்மை தருகிறது. ஓடத் தொடங்கியதும் ஒரு கிளட்ச் அதைப் பூட்டிவிடுவதால் விசை வீணாவதில்லை. இரட்டைக் கிளட்ச் நெரிசலில் ஊரும்போது திணறுகிறது, இது திணறுவதில்லை. ஆட்டோமேட்டிக் மரபின் நியமத்தை, அதாவது தெரியாமல் இருப்பதை, இன்று இந்தப் பெட்டி அளவுக்கு நிறைவேற்றுவது வேறில்லை என்பேன். மெர்சிடிஸின் அஃபல்டர்பாக் கிளையான ஏ.எம்.ஜி.யோ எண்ணெய் இணைப்புக்குப் பதில் எண்ணெயில் ஊறிய ஒரு கிளட்சை 2008இல் வைத்தது. அது இரண்டுக்கும் நடுவில் ஒரு சமரசம்.

மேனுவல் ஏன் சுருங்கியது என்பதற்கு ரசனையைவிட முறுக்குவிசைதான் முதல் காரணம். டர்போ எஞ்சின் குறைந்த சுழற்சியிலேயே பெருவிசை தருகிறது. அதைத் தாங்கக் கிளட்சுத் தட்டை இறுக அழுத்த வேண்டும், மிதி கனக்கும், பல்சக்கரங்கள் பருக்கும். ஆறாம் தலைமுறை எம்3இல் மேனுவலுக்கு 550 நியூட்டன் மீட்டர், ஆட்டோமேட்டிக் மட்டுமே உள்ள காம்படிஷன் வகைக்கு 650. 1250 நியூட்டன் மீட்டர் கொண்ட 2005 புகாட்டி வெய்ரோனுக்கு மூன்றாவது மிதி யோசனைக்கே வராது. இருந்தும் டெட்ராய்ட் ஒரு வேடிக்கை செய்தது: ஆட்டோமேட்டிக்கின் தாய்வீடான அதே ஜெனரல் மோட்டார்ஸ், 668 குதிரைத்திறன் கொண்ட கேடிலாக் சி.டி.5-வி பிளாக்விங் செடானில் ஆறு கியர் மேனுவலைத் தருகிறது. ஆஸ்டன் மார்ட்டின் தன் 110ஆம் ஆண்டுக்குச் செய்த 110 வேலர் கார்களிலும் இரட்டை டர்போ வி12க்கு மேனுவல்தான். முடியும் என்று நிரூபித்துவிட்டார்கள். பொருந்துகிறதா என்றால், எனக்கு வடிவமைப்பாளர் கார்டன் மர்ரேயின் டி.50தான் இலக்கணம். டர்போ இல்லாத 3.9 லிட்டர் வி12, நிமிடத்துக்கு 12,100 சுழற்சி, ஒரு டன்னுக்கும் குறைந்த எடை. மேலே போகப் போகத்தான் விசை வரும் எஞ்சினுக்குச் சரியான கியரைத் தேடிப் போட வேண்டும். கைக்கு அங்கே உண்மையான வேலை இருக்கிறது. எந்தக் கியரிலும் ஒரே மாதிரி இழுக்கும் எஞ்சினோடு மேனுவலைச் சேர்ப்பது பெரும்பாலும் அலங்காரம்.

மேனுவலில் தேர்ந்தவர்கள் பார்ப்பது இவை. தண்டு நகரும் தூரம் குறைவாகவும் எடை சீராகவும் இருக்க வேண்டும். பிரேக்கை மிதித்தபடியே பாதத்தின் ஓரத்தால் ஆக்சிலரேட்டரைத் தட்டும்படி மிதிகள் அருகருகே அமைய வேண்டும். விகிதங்கள் குறுகியிருக்க வேண்டும். இங்கே போர்ஷேவே தடுக்கி விழுந்தது. கேமன் ஜி.டி.4இல் இரண்டாவது கியரிலேயே மணிக்கு சுமார் 130 கிலோமீட்டர் வந்துவிடும். அப்புறம் சாலையில் கியர் மாற்ற எங்கே வேலை? 911க்கு 2011இல் வந்த ஏழு கியர் மேனுவல், பி.டி.கே.யின் உடலிலிருந்து உருவானது. கைக்கு அதன் தடங்கள் குழப்பமாகவே இருந்தன. கியர் இறக்கும்போது எஞ்சின் சுழற்சியைக் கணினியே ஏற்றித் தரும் வசதி பல மேனுவல் கார்களில் உண்டு. அதை அணைக்க ஒரு பொத்தானும் இருந்தால் சரி.

பள்ளிகளின் எல்லையைக் குழப்பியவர் சுவீடனின் கார் தயாரிப்பாளர் கிறிஸ்டியான் ஃபான் கொனிக்செக். 2022இல் அவர் காட்டிய சிசி850இல் இருப்பது பல கிளட்சுகள் கொண்ட ஒன்பது கியர் பெட்டி. தானே மாறவும் செய்யும். வேண்டுமென்றால் திறந்த தடத்தில் தண்டைத் தள்ளி, கிளட்சை மிதித்து, ஆறு கியர் மேனுவலாகவும் ஓட்டலாம். ஒன்பதில் எந்த ஆறு என்பதைக் கார் தேர்ந்துகொள்ளும். தண்டுக்கும் பல்சக்கரத்துக்கும் நேரடித் தொடர்பு இல்லாதது எப்படி மேனுவலாகும் என்று வைதீகர்கள் கேட்கிறார்கள். கேள்வி நியாயம். ஆனால் கிளட்சைத் தப்பாக விட்டால் அந்தக் காரின் எஞ்சின் மற்ற மேனுவல் கார்களைப் போலவே குலுங்கி நின்றுவிடும். நான் அதைப் பள்ளியில் சேர்த்துக்கொள்வேன்.